“சர்நேம் என்ன?” – வேலூர்ப் பக்கத்துப் பெயர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போர்டில்தான் ஜெராக்ஸ், முக்கால்வாசி வேலை விண்ணப்பம் நிரப்பித் தருவது. பாஸ்போர்ட், பான் கார்டு, ஆதார் திருத்தம், கல்லூரி அட்மிஷன் என்று எது வந்தாலும் முதல் வரி பெயர்தான். அங்கேயே பேச்சு நின்றுவிடும். “சர்நேம் என்ன போடுறது?” என்று நான் கேட்க, “அப்படின்னா என்னங்க?” என்று அவர்கள் கேட்க, அரை மணி நேரம் பெயரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். பழைய வட ஆற்காடு மாவட்டம் முழுவதையும் மனதில் வைத்து எழுதியது. இன்றைய கணக்கில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய மாவட்டங்கள்.

எனக்கு சர்நேம் கிடையாது. அது ஒரு குறையா?

இல்லை. நம் முறை வேறு, அவ்வளவுதான். வடக்கே குடும்பத்துக்கு ஒரு பெயர் இருக்கும். அது தாத்தா, அப்பா, பிள்ளை என்று மாறாமல் இறங்கி வரும். நமக்கு அப்பாவின் பெயர்தான் முன்னால் நிற்கும், அதுவும் முதல் எழுத்தாக. அடுத்த தலைமுறையில் அந்த எழுத்து போய் உங்கள் எழுத்து வந்துவிடும். ஐஸ்லாந்து நாட்டிலும் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை. அப்பாவின் பெயரோடு ‘மகன்’ அல்லது ‘மகள்’ என்ற சொல்லைச் சேர்த்துத்தான் எழுதுகிறார்கள். அவர்களும் பாஸ்போர்ட் வாங்கி உலகம் சுற்றுகிறார்கள். ஆகவே படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம்.

சரி, பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் என்னதான் எழுதுவது?

‘கிவன் நேம்’ என்ற இடத்தில் உங்கள் பெயர். ‘சர்நேம்’ என்ற இடத்தில் அப்பாவின் பெயர், முழுதாக. இனிஷியலை ஒற்றை எழுத்தாக விடாதீர்கள். அதை விரித்து எழுத வேண்டும்.

சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டும் பாஸ்போர்ட் வாங்கலாம். ஆனால் பின்னால் சிக்கல் வரும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா இல்லை என்று அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்வதாகத் தளர்த்தியது. அந்த வாரம் பேரணாம்பட்டிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் கையில் டிக்கெட்டோடு என் கடைக்கு ஓடிவந்தவர்களின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ என்று அச்சாகிவிடும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு வங்கிக் கணக்கு வரை அது கூடவே வரும்.

இன்னொரு விஷயம். அப்பாவின் பெயரை அவருடைய ஆதாரில் எந்த ஆங்கில எழுத்துக்கூட்டில் எழுதியிருக்கிறதோ அதே எழுத்துக்கூட்டில் எழுதுங்கள். ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு மாதிரி, தம்பிக்கு ஒரு மாதிரி என்று எழுதி, இருவரும் ஒரே அப்பாவுக்குப் பிறந்தவர்கள் என்று நிரூபிக்க அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் இனிஷியல் அப்பா பெயரே இல்லையே, அது எங்கிருந்து வந்தது?

மூன்று வழி உண்டு. அப்பா பெயர் ஒன்று. ஊர்ப் பெயர் இன்னொன்று. மூன்றாவது வீட்டுப் பெயர்.

ஊர்ப் பெயருக்கு நம் மாவட்டத்திலேயே பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக 27 ஆண்டுகள் இருந்த ஏ. லட்சுமணசாமி முதலியாரும், அவருடைய இரட்டைச் சகோதரர் ஏ. ராமசாமி முதலியாரும் 1887இல் கர்னூலில் பிறந்தவர்கள். அந்த ‘ஏ’ அப்பா பெயரில்லை, ஆற்காடு. பிறந்தது வேறெங்கோ இருந்தாலும் குடும்பத்தின் ஊர் பெயருக்கு முன்னால் நின்றது.

வீட்டுப் பெயர் என்பது தெலுங்கு பேசும் குடும்பங்களின் வழக்கம். அவர்கள் ‘இண்டி பேரு’ என்பார்கள். சித்தூர் 1911 வரை வட ஆற்காட்டோடு இருந்தது, மாவட்டத்தின் தலைநகரமே அதுதான். அதனால் காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் இண்டி பேரு உள்ள குடும்பங்கள் நிறைய. வேலூர் ஊரீசு கல்லூரியில் படித்த டாக்டர் ராதாகிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ். ராதாகிருஷ்ணன் என்பதில் உள்ள ‘எஸ்’ சர்வபள்ளி. நெல்லூர்ப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர் அது. அவருடைய அப்பா பெயர் வீராசாமி. அப்பா பெயரைத்தான் போட வேண்டும் என்று ஒரு குமாஸ்தா அன்றைக்கு வற்புறுத்தியிருந்தால் நாம் அவரை வீ. ராதாகிருஷ்ணன் என்று படித்திருப்போம்.

உங்கள் வீட்டில் இரண்டு இனிஷியல் இருந்தால், முதலாவது ஊரோ வீட்டுப் பெயரோ, இரண்டாவது அப்பா என்று பெரும்பாலும் இருக்கும். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். தாத்தா போன பிறகு அந்த எழுத்துக்கு விரிவு சொல்ல ஆளில்லாமல் என் கடையில் உட்கார்ந்து போன் போட்டுக்கொண்டே இருந்தவர்கள் பலர்.

‘வாரியார்’ என்பது கேரளத்துச் சாதிப் பெயர்தானே?

காங்கேயநல்லூர்க்காரர்கள் காதில் விழுந்தால் வருத்தப்படுவார்கள். கிருபானந்த வாரியார் 1906இல் காங்கேயநல்லூரில் பிறந்தவர். எங்கள் கடையிலிருந்து நடக்கும் தூரம். கிருபை என்றால் கருணை, ஆனந்தம் என்றால் இன்பம், வாரி என்றால் கடல். கருணையும் இன்பமும் நிறைந்த கடல் என்று அவருடைய அப்பா வைத்த பெயர் அது. ‘வாரி’யோடு மரியாதைக்கு ‘ஆர்’ சேர்ந்து வாரியார் ஆனது. கேரளத்து வாரியருக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

மார்க்கபந்து என்று வேறு எங்கும் கேட்டதில்லை. என்ன பொருள்?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும். மார்க்கம் என்றால் வழி. பந்து என்றால் உறவு, துணை. வழித்துணை.

வேலூருக்கு மேற்கே பாலாற்றங்கரையில் விரிஞ்சிபுரம் இருக்கிறது. ‘விரிஞ்சிபுரம் மதிலழகு’ என்று பழமொழியில் வருமே, அந்த ஊர். அங்கே சிவனுக்கு மார்க்கபந்தீசுவரர் என்று பெயர், தமிழில் வழித்துணைநாதர். மிளகு மூட்டைகளோடு காஞ்சிபுரத்துக்குப் போன வணிகர் ஒருவர் திருடர் பயத்தில் இந்தச் சாமியைத் துணைக்கு அழைத்ததாகவும், இறைவனே காவலாக உடன் நடந்து போனதாகவும் தலபுராணம் சொல்கிறது. இன்றும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை அந்த ஊர்ப் பக்கமாகத்தான் போகிறது. ஆரணிக்குப் பக்கத்து அடையபலத்தில் பிறந்த அப்பைய தீட்சிதர் இந்தச் சாமி மேல் பாடிய சுலோகத்தைப் பயணம் கிளம்பும்போது சொல்கிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள்.

கார்த்திகை மாதம் கடைசி ஞாயிறு, நாங்கள் கடை ஞாயிறு என்போம், பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் அங்கே சிம்ம தீர்த்தத்தில் குளிப்பார்கள். ராத்திரி முழுக்கக் கூட்டம் இருக்கும். ஈரப் புடவையோடு கோயில் பிராகாரத்தில் படுத்திருப்பார்கள். அப்படி வேண்டிப் பிறந்தால் பையனுக்கு மார்க்கபந்து, பெண்ணுக்கு அம்பாள் பெயரான மரகதாம்பாளை வைத்து மரகதம் என்று பெயர் வைத்த வீடுகள் ஏராளம். மார்க்கபந்து என்று ஒருவர் பெயர் சொன்னால், “விரிஞ்சிபுரம் பக்கமா?” என்று கேட்டுவிடலாம். பத்துக்கு எட்டு முறை ஆமாம் என்பார்கள்.

போன வருடம் அந்தப் பெயருள்ள ஒரு பெரியவர் வந்தார். அவருடைய அட்டை ஒன்றில் பெயரை இரண்டாக வெட்டி, ‘மார்க்’ முதல் பெயர், ‘பந்து’ சர்நேம் என்று யாரோ பதிந்திருந்தார்கள். அவர் கோபப்படவில்லை. “எங்கம்மா மூணு வருஷம் அந்தக் குளத்துல முங்கிப் பெத்த பேருப்பா, ஒண்ணா சேத்துக் குடு” என்றார். திருத்தம் செய்யும் படிவத்தில் ஒவ்வோர் எழுத்தாக அவருக்குப் படித்துக் காட்டித்தான் தட்டினேன்.

இப்படி இந்த மண்ணுக்கே உரிய வேறு பெயர்கள் உண்டா?

உண்டு. சோளிங்கர் மலைக்குப் பழைய பெயர் கடிகாசலம். கடிகை என்பது 24 நிமிடம். அசலம் என்றால் மலை. ஒரு கடிகை நேரம் அங்கே தங்கினாலே மோட்சம் என்பது நம்பிக்கை. திருக்கடிகை என்று ஆழ்வார் பாடிய தலம் அது. கடிகாசலம் என்ற பெயரை ராணிப்பேட்டை, வாலாஜா, அரக்கோணம் பக்கத்தில் கேட்கலாம். அங்கே தாயார் அமிர்தவல்லி. அமிர்தம், அமிர்தவல்லி என்ற பாட்டிகள் அந்த வழியில் வந்தவர்கள்.

வள்ளி பிறந்ததாகச் சொல்லும் வள்ளிமலை காட்பாடிக்கு அந்தப் பக்கம். வள்ளியம்மாள் என்ற பெயர் தமிழ்நாடு முழுக்க உண்டென்றாலும் இங்கே அது சொந்தப் பிள்ளையின் பெயர் மாதிரி. திருவல்லத்து வில்வநாதர் பெயரில் வில்வநாதன். படவேட்டு ரேணுகாம்பாள் பெயரில் ரேணுகா, ரேணு, படவேட்டான். திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலை, அருணாச்சலம், உண்ணாமலை. இதில் உண்ணாமலை பெண் பெயர். உண்ணாமுலை அம்மன் பெயரிலிருந்து வந்தது. அண்ணாமலைக்கு எதுகையாக வைத்தது என்று நினைப்பவர்கள் உண்டு, அப்படி இல்லை.

கெங்கம்மாள், கெங்காதரன் என்று ‘கெ’ போட்டு எழுதுவதைத் தப்பு என்று திருத்தாதீர்கள். குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் சிரசு திருவிழா நடக்கும் அம்மனை நாங்கள் கெங்கையம்மன் என்றுதான் சொல்கிறோம். உச்சரிப்பு அப்படியே எழுத்தில் ஏறியிருக்கிறது. சான்றிதழில் ‘கெ’ என்று இருந்தால் எல்லா ஆவணத்திலும் ‘கெ’ என்றே இருக்கட்டும்.

எங்கள் ஊரில் ஏழுமலையும் முனுசாமியும் தருமனும் இவ்வளவு பேர் ஏன்?

ஏழுமலைக்குக் காரணம் திருப்பதி. பக்கத்தில் இருக்கிறது, பிள்ளைக்கு முதல் மொட்டை அங்கேதான். ஏழுமலை, கோவிந்தன், திருவேங்கடம், அலமேலு, மங்கம்மாள் எல்லாம் அந்த மலையிலிருந்து இறங்கி வந்தவை. தெற்கே திருநெல்வேலிப் பக்கம் போனால் சுடலை, இசக்கி, பேச்சி என்று இருக்கும். காவல் தெய்வம் முனி இரண்டு பக்கமும் உண்டு, ஆனால் அங்கே முனியாண்டி, முனியசாமி. இங்கே முனுசாமி, முனியம்மா, முனிரத்தினம்.

தருமன், அர்ச்சுனன், பீமன், சகாதேவன், பாஞ்சாலை ஆகிய பெயர்கள் திரௌபதி அம்மன் கோயிலிலிருந்து வந்தவை. கோடையில் பாரதம் படித்து, ராத்திரியில் தெருக்கூத்து ஆடி, துரியோதனன் படுகளமும் தீமிதியும் வைத்து முடிப்பார்கள். அந்த நாட்களில் பிறந்த பிள்ளைக்கு அந்த வேடத்தின் பெயர். பஞ்சபாண்டவர் ஐந்து பேரையும் ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளாகப் பார்த்திருக்கிறேன். தேசிங்கு என்ற பெயரும் கூத்து வழியாகவும் கதைப்பாட்டு வழியாகவும் பரவியது. செஞ்சிக் கோட்டை தேசிங்குராஜன். அவனோடு உடன்கட்டை ஏறிய ராணியின் நினைவாகத்தான் ராணிப்பேட்டை என்ற ஊர்ப்பெயர் வந்தது என்பார்கள்.

என் பெயர் குப்பம்மாள். வெட்கமாக இருக்கிறது. மாற்றலாமா?

மாற்ற வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். அதற்கு முன் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று கேளுங்கள்.

முன்பெல்லாம் பிள்ளைகள் பிறந்து பிறந்து இறந்துபோகும். இரண்டு, மூன்று என்று இழந்த தாய்க்கு அடுத்தது பிறந்தால், அதை முறத்தில் வைத்துக் குப்பைமேட்டில் கிடத்துவார்கள். இது யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமனுக்குக் காட்டத்தான். பக்கத்து வீட்டுக்காரி அதைத் தன் பிள்ளை மாதிரி எடுத்து வருவாள். பெற்றவள் அவளுக்கு ஒரு படி தவிடு கொடுத்து ‘வாங்கி’க்கொள்வாள். அந்தப் பிள்ளைக்குக் குப்பன், குப்புசாமி, குப்பம்மாள் என்று பெயர். பிச்சை என்று வைப்பதும் இதே எண்ணம்தான். மட்டமான பெயர் வைத்தால் சாவு திரும்பிப் பார்க்காது என்ற தவிப்பு.

ஆக, அந்தப் பெயர் உங்களைக் குப்பை என்று சொல்லவில்லை. உங்களுக்கு முன்னால் போய்விட்ட பிள்ளைகளை நினைத்து, இதுவாவது தங்கட்டும் என்று ஒரு தாய் அழுத அழுகை அதற்குள் இருக்கிறது. இதைச் சொன்ன பிறகு, கடைக்கு வந்த ஒரு அம்மா படிவத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்னொருவர், “தெரியும் தம்பி, ஆனா பேத்தி காலேஜ்ல சிரிக்கிறாங்களாம்” என்று மாற்றிக்கொண்டார். இரண்டுமே அவரவர் உரிமை.

ஆனால் ‘வேண்டாம்’, ‘போதும்பொண்ணு’ போன்ற பெயர்கள் வேறு. அடுத்தது ஆண் பிள்ளை வேண்டும் என்று பெண்ணின் தலையில் சுமத்தியவை அவை. அதை மாற்ற வருகிறவர்களிடம் நான் ஒரு வார்த்தையும் எதிர்த்துச் சொல்வதில்லை. அன்றைக்கே வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறேன்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது ஏன்?

பேரன் என்ற சொல்லிலேயே விடை இருக்கிறது. பெயரன், அதாவது பெயரைத் தாங்குபவன். பெயர்த்திதான் பேத்தி.

ஆனால் ஒரு சங்கடம். மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது. புருஷன் பெயரையும் சொல்ல மாட்டார்கள். அப்படியிருக்க, மாமனார் பெயர் வைத்த பிள்ளையை எப்படி அதட்டுவது? அதனால் வீட்டில் கூப்பிட வேறு பெயர் வந்தது: துரை, ராஜா, கண்ணு, பாப்பா, குட்டி. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் கேட்க, கூட வந்தவர் கூப்பிடும் பெயரையே சொல்லிவிட, சின்னபாப்பா, குட்டியம்மாள் என்றே சான்றிதழ் வந்துவிட்டது. அறுபது வயதில் சின்னபாப்பா என்று கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு இதுதான் கதை.

தாத்தா பெயர் நிலைத்துப்போனதற்கு நம் ஊரிலேயே எல்லோருக்கும் தெரிந்த ஒருவர் இருக்கிறார். வாலாஜாவுக்குப் பக்கத்து வேலம் கிராமத்தைச் சேர்ந்த மு. வரதராசனுக்கு வைத்த பெயர் திருவேங்கடம். தாத்தாவின் பெயரான வரதராசன்தான் கடைசியில் நின்றது. அப்பா முனுசாமி, அம்மா அம்மாக்கண்ணு. மூன்று பெயரையும் சேர்த்துப் படித்தால் வட ஆற்காடு கண்முன் வந்துவிடும்.

முதலியார், கவுண்டர், நாயக்கர் என்பதையெல்லாம் சர்நேமாகப் போடலாமா?

சட்டப்படி தடையில்லை. என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு மூன்று தலைமுறை கஷ்டப்பட்டு விட்டதை, ஒரு கட்டத்தை நிரப்புவதற்காகத் திரும்ப ஒட்டிக்கொள்ள வேண்டியதில்லை. அப்பா பெயர் இருக்கிறதே.

பொருள் தெரிய வேண்டுமென்றால்: முதலி என்றால் முதல்வர், தலைவர். நாயக்கர், நாயுடு இரண்டும் நாயகன் என்ற சொல்லின் வழி வந்தவை. பட்டத்தை வைத்து ஆளைக் கணிக்கவும் முடியாது. கோயம்புத்தூரில் கவுண்டர் என்றால் கொங்கு வெள்ளாளரை நினைப்பார்கள். இங்கே வன்னியரில் கவுண்டரும் உண்டு, நாயக்கரும் உண்டு. ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரும் கவுண்டர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். முதலியார் என்று குடியாத்தத்து நெசவுக்காரச் செங்குந்தர்களும் சொல்வார்கள், துளுவ வேளாளர்களும் சொல்வார்கள்.

முஸ்லிம் பெயர்களை எப்படிப் பிரித்து எழுதுவது?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரத்திலிருந்து வருகிறவர்களுக்கு இதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. ‘அப்துல்’ தனிப் பெயர் அல்ல. ‘இன்னாருடைய அடியான்’ என்ற தொடரின் முன்பாதி அது. அப்துல் ரகுமான் என்றால் அருளாளனின் அடியான். அதை வெட்டி, அப்துல் ஒரு கட்டத்திலும் ரகுமான் ஒரு கட்டத்திலும் போட்டால் பொருளே சிதைந்துவிடும். இரண்டையும் கிவன் நேமில் சேர்த்து எழுதி, அப்பா பெயரை சர்நேமில் வையுங்கள். நூருன்னிசாவும் அப்படித்தான். பெண்களின் ஒளி என்று பொருள்; நூர் தனியாக, நிசா தனியாக ஆக்காதீர்கள்.

பாஷா என்று முடிவது பாதுஷா, அதாவது அரசர். ராவுத்தர் என்றால் குதிரை வீரர். மஸ்தான் என்றால் இறைக்காதலில் தன்னை மறந்தவர். ஆற்காட்டில் திப்பு மஸ்தான் அவுலியா தர்கா இருக்கிறது. அந்த மகானின் பெயரைத்தான் ஹைதர் அலி தன் மகனுக்கு வைத்தார்; அவர்தான் திப்பு சுல்தான். 1799இல் திப்பு இறந்த பிறகு அவருடைய குடும்பத்தை வேலூர்க் கோட்டையில்தான் அடைத்து வைத்தார்கள். ஆற்காட்டில் பிறந்த பெயர் மைசூர் போய், அந்தப் பெயருக்குரியவரின் பிள்ளைகள் மறுபடி இந்தப் பாலாற்றங்கரைக்கே வந்து சேர்ந்தார்கள்.

ராயப்பன், சின்னப்பன் கிறித்துவப் பெயர்களா?

ஆமாம். கத்தோலிக்கர்களின் பழைய தமிழ் வழக்கில் பேதுருதான் ராயப்பன், பவுல்தான் சின்னப்பன், யோவான்தான் அருளப்பன். சூசை என்பது யோசேப்பு. அமெரிக்க ஆற்காடு மிஷன் 1853இல் தொடங்கிய பிறகு இங்கே பரவிய சீர்திருத்தச் சபைகளில் சாமுவேல், யாக்கோபு என்று வேதப் பெயர்களும், தேவசகாயம், ஆசீர்வாதம், கிருபை, ஞானம்மாள் என்று நல்ல சொற்களும் பெயராயின. சிஎம்சி மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மாக்களின் பெயர்களை வரிசையாகப் படித்தால் ஜெபம் மாதிரியே இருக்கும்.

இனிஷியலைத் தமிழில் போடலாமா?

போடலாம், போடவும் வேண்டும். அரசு ஊழியர்கள் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் தமிழக அரசு ஆணையிட்டது. ‘எஸ். முருகன்’ என்று எழுதினால் அப்பா சுப்பிரமணியா, சண்முகமா, செல்வராஜா என்று தெரியாது. ‘சு.’ என்றோ ‘ச.’ என்றோ போட்டால் பாதி தெரிந்துவிடுகிறது.

கல்யாணத்துக்குப் பிறகு பெண்கள் இனிஷியலை மாற்ற வேண்டுமா? அம்மா பெயரைப் போடலாமா?

மாற்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பள்ளிச் சான்றிதழில் அப்பா எழுத்தும், ஆதாரில் புருஷன் எழுத்தும் இருந்தால் பிற்பாடு அலைச்சல்தான் மிச்சம். விட்டுவிடுங்கள்.

பாஸ்போர்ட்டுக்கு அம்மா, அப்பா, காப்பாளர் இவர்களில் ஒருவர் பெயர் போதும் என்று 2016 டிசம்பரில் விதியைத் தளர்த்திவிட்டார்கள். தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மாக்கள் தயங்காமல் தங்கள் பெயரைக் கொடுக்கலாம்.

பிறப்புச் சான்றில் பெயரே இல்லை. பெயர் மாற்றம் எங்கே செய்வது?

பிறந்து ஓராண்டுக்குள் என்றால் கட்டணமில்லாமல் பெயரைப் பதியலாம். அதன் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை. தள்ளிப் போடாதீர்கள், 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றுதான் ஆதாரம்.

பெரியவர்கள் பெயரை மாற்ற, தமிழ்நாடு அரசிதழில் அறிவிப்பு வர வேண்டும். எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அரசிதழ் வந்ததும் அதன் நகல்களைப் பத்திரமாக வையுங்கள். வங்கி, ஆதார், பான் எல்லா இடத்திலும் கேட்பார்கள்.

எண் கணிதப்படி எழுத்தைக் கூட்டிக் குறைக்கலாமா?

பிறக்கும்போதே என்றால் உங்கள் இஷ்டம். பத்தாவது மதிப்பெண் சான்றிதழ் வந்த பிறகு ஓர் ‘ஏ’யைக் கூடச் சேர்க்காதீர்கள். அந்த ஓர் எழுத்துக்காக வேலை நியமனத்தில் ஆறு மாதம் நின்றவர்கள் என் கடைக்கு வந்திருக்கிறார்கள்.

தாத்தாவுக்கு முன்னால் யார் பெயரும் தெரியவில்லை. எங்கே தேடுவது?

முதலில் வீட்டில் உள்ள பழைய கிரயப் பத்திரத்தைப் பிரியுங்கள். ‘வட ஆற்காடு ஜில்லா, குடியாத்தம் தாலூக்கா, இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார்’ என்று எழுதியிருக்கும். எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர், சாட்சி என்று ஒரே தாளில் ஆறேழு அப்பாக்களின் பெயர்கள் கிடைக்கும். வீட்டில் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்து நகல் வாங்கலாம். கிறித்துவக் குடும்பமென்றால் சபையின் ஞானஸ்நானப் பதிவேடு. அப்புறம் பரணில் கிடக்கும் மொய் நோட்டு. அதில் ஊர்ப் பெயரோடு சேர்த்துத்தான் ஆள் பெயர் இருக்கும். உறவு எந்தெந்த ஊரில் இருந்தது என்று அதிலிருந்தே பிடித்துவிடலாம்.

அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் அப்படி ஒரு மொய் நோட்டை ஸ்கேன் பண்ண எடுத்து வந்தாள். தாத்தா கல்யாணத்து நோட்டு, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. மூன்றாம் பக்கத்தில் ‘விரிஞ்சிபுரம் மார்க்கபந்து, தாய்மாமன், ரூ. 11’ என்று ஊதா மையில் ஒரு வரி. தாத்தாவுக்கு ஒரு மாமா இருந்ததே அவர்கள் வீட்டில் யாருக்கும் தெரியாதாம். அந்தப் பக்கத்தை மட்டும் கலரில் பெரிதாக இரண்டு பிரதி எடுத்துக் கொடு என்று கேட்டு வாங்கிப் போனாள்.